நகல் எச்சில்

"உங்க தொலைத்தோழர் செய்யுற காரியத்துல, நீங்க செய்யாத ஒண்ணே ஒண்ணை வரைஞ்சு குடுங்க பாப்போம்" என்று பிலோமி டீச்சர் சொன்னதும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் வரைபலகையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். பிரிவேளை முடிந்து பலகைகளை வாங்கிப் பார்த்தால் எல்லாம் வெறுமையாக இருந்தன.

வரையத் தெரியாத பிள்ளைகளா என்றால் அதுவும் இல்லை. விட்டால் சுவர் முழுக்கக் கப்பலும் பாரந்தூக்கியுமாக வரைந்து தள்ளிவிடுகிற கூட்டம் அது. "ஏன்ல ஒண்ணும் வரையல?" என்று முன்பெஞ்சு ஆசீரைக் கேட்டாள். "அவியளும் நம்மள மாதிரியேதான் இருக்காவ டீச்சர். வேற என்னத்த வரைய?" என்றான் அவன். மற்றதுகளும் கூடச் சேர்ந்து ஆமாம் போட்டன.

பிலோமிக்குச் சுருக்கென்றது. பிலோமினா ரொட்ரிகோ என்கிற இந்த அம்மாள், தூத்துக்குடியில் துறைமுகத்தை ஒட்டிய ஒரு தொடக்கப் பள்ளியில் 'உலக வகுப்பு' எடுப்பவள். வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம். தலைமையாசிரியர் ஒன்று சொன்னால் இவள் இரண்டு சொல்வாள். ஆனால் பாடம் என்று வந்துவிட்டால் உயிரைக் கொடுப்பாள். வருஷத் தொடக்கத்தில் கென்யாப் பிள்ளைகள், அப்புறம் நார்வேப் பிள்ளைகள், இப்போது அர்ஜென்டினாவில் கொரியென்டஸ் ஊர்ப் பிள்ளைகள் என்று மாறி மாறி உலகத்தையே வகுப்புக்குள் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறாள். இவ்வளவுக்கும் கிடைத்த பலன் இந்த வெறும் பலகைகள்தானா என்று ஆத்திரமாக வந்தது.

உட்கார வைப்பது என்று சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. உலக வகுப்பு நடக்கிற தோன்றுகூடத்தின் ஒரு பக்கச் சுவர் கடைசிப் பிரிவேளையில் மறைந்துபோகும். கொரியென்டஸில் அப்போதுதான் விடிந்து பள்ளி தொடங்கியிருக்கும். அந்த வகுப்பும் இந்த வகுப்பும் ஒரே கூடமாகிவிடும். ஒவ்வொரு பிள்ளைக்கும் நேர் எதிரே ஒரு தொலைத்தோழனோ தோழியோ. மேசைக்கு மேசை ஒரு நகல்மாடம் வேறு. அங்கே மாடத்தில் ஒரு பண்டத்தை வைத்தால், அதே பண்டம், கிருமி மட்டும் நீங்கி, அணு பிசகாமல் இங்கே மாடத்தில் உருவாகி நிற்கும். எடுத்துத் தின்னலாம்.

ஆனால் இரண்டு கூடத்துக்கும் நடுவே இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று மொழிபெயர்ப்பி. அது பேச்சை மட்டும் மாற்றும். இன்னொன்று இணக்கி. அது மனிதர்களின் நடத்தையையே மாற்றிக் காட்டும். ஓர் ஊரில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் பாராட்டு, இன்னோர் ஊரில் அது கெட்ட வார்த்தை. ஒருவர் வீட்டு விருந்து இன்னொருவருக்கு ஓங்கரிப்பு. முன்பெல்லாம் இதனால் பிள்ளைகள் அழுது, பெற்றோர் வரிந்துகட்டிக்கொண்டு வந்து, விஷயம் தூதரகம் வரை போனதுண்டு. அதற்காகத்தான் இணக்கியைக் கண்டுபிடித்தார்கள். எதிராளி சொல்வதிலும் செய்வதிலும் நமக்கு எது உறுத்தும் என்று முன்கூட்டியே கணித்து, அந்த இடத்தில் நமக்குப் பழகிப்போன வேறொன்றை வைத்துவிடும்.

அது வந்தபிறகு ஒரு சண்டை கிடையாது, ஒரு புகார் கிடையாது. பெரியவர்களுக்கும் அது இல்லாமல் பொழுது விடிவதில்லை. துறைமுக ஊர். தினம் ஏதாவது ஒரு நாட்டுக் கப்பல்காரனோடு பேசித்தான் ஆகவேண்டும். ஆகையால் அந்த இரண்டு கருவியும் அடங்கிய செவிமணி ஒன்று காதில், அதோடு சேர்ந்த விழிப்படலம் ஒன்று கண்ணில். காலையில் பல் துலக்கியதும் மாட்டினால் படுக்கப்போகும்போதுதான் கழற்றுவார்கள்; பள்ளி நாளில் ஆசிரியர்கள் மட்டும், வகுப்புக்கென்று தனி இணக்கிப் பெட்டி இருப்பதால், வாசலிலேயே கழற்றி வைப்பார்கள். நடுவில் சொந்த ஊர்க்காரனோடு பேசுவதற்காக யார் அதைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பது?

பிலோமி பலகைகளை அடுக்கிவிட்டுத் திரும்பியபோது முத்தரசி பின்னாலேயே வந்து நின்றாள். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிற சுயம்புவின் மகள். எதையும் லேசில் விடமாட்டாள். அவள் இன்னும் கொடுக்காமல் வைத்திருந்த பலகையில் மட்டும் ஒரு கை வரைந்திருந்தது.

"என்னட்டி இது?"

"எங் கூட்டுக்காரி அயெலென் கை. தினமும் டாட்டா காட்டுதால்லா? அப்போ விரல் இப்படி மடங்கி இருக்கு டீச்சர். டாட்டா காட்டுனா விரலு விரிஞ்சுல்லா இருக்கும்?" என்று தன் கையை ஆட்டிக் காட்டினாள். "அவ எதையோ பிடிச்சிருக்கா. எனக்குத்தான் தெரிய மாட்டேங்குது."

பிலோமி அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு வருஷமாகத் தினமும் அந்தக் கூடத்தில் நின்றவள் அவள். அந்தக் கையை அவளும்தான் பார்த்தாள். ஏழு வயசுப் பிள்ளைக்குப் பட்டது தனக்குப் படவில்லையே என்று வெட்கமாகப் போயிற்று. வெட்கம் கோபமாக மாற அவளுக்கு அதிக நேரம் பிடிக்காது. நேரே தலைமையாசிரியர் அல்போன்ஸ் அறைக்குப் போனாள்.

"இணக்கிய நாளைக்கு அணைக்கப் போறேன் சார்."

"துடைக்கவா?" என்றார் அல்போன்ஸ். பெட்டியைத் துடைப்பதற்காக மட்டும் அணைத்துக்கொள்ள விதியில் இடம் இருந்தது.

"வகுப்பு நடக்கும்போது."

அல்போன்ஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "டீச்சர், நம்ம பள்ளிக்கூடம் இணக்க மதிப்பெண்ல மாவட்டத்துலயே முதல். நீங்க எதையாவது கிளறிவிட்டு எந் தலையில மண்ணள்ளிப் போட்டுறாதிய."

"இந்தப் புள்ளைகளுக்கு உலகத்தக் காட்டுதேன்னு சொல்லித்தான சார் சம்பளம் வாங்குதேன்? ஒரு வருஷமா அவங்க மூஞ்சியவே அவங்களுக்குக் காட்டிக்கிட்டு இருந்திருக்கேன். நீங்க வேண்டாம்னு எழுதிக் குடுங்க. நான் அணைச்சேன்னு எழுதிக் குடுக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள் கடைசிப் பிரிவேளையில் சுவர் மறைவதற்கு முன்பே பெட்டியின் விசையைத் தட்டினாள். கொரியென்டஸ் ஆசிரியைக்குக் காலையிலேயே தகவல் அனுப்பியிருந்தாள். அந்த அம்மாள் பதிலுக்கு, எனக்கும் நெடுநாளாக அந்த ஆசை உண்டு என்று மட்டும் எழுதியிருந்தாள்.

சுவர் மறைந்தது. தினமும் அந்தப் பிள்ளைகள் கைகூப்பிக் கும்பிட்டுக்கொண்டு வருவார்கள். இன்று அப்படி ஒன்றும் காணோம். பையன், பெண்பிள்ளை என்று பாராமல் ஒவ்வொருவராக வந்து தங்கள் டீச்சர் கன்னத்தில் முத்தம் வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றவர்களுக்கும் வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். தூத்துக்குடிப் பக்கம் முழுக்க "அய்யய்ய" என்று முகத்தைப் பொத்திக்கொண்டது. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இவர்கள் காலைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். "உங்க செருப்பெல்லாம் எங்க போச்சு? யாராவது திருடிட்டாங்களா?" என்று ஒருவன் உண்மையான கவலையோடு கேட்டான். வாசலில் கழற்றிப் போட்டிருக்கிறோம் என்று ஆசீர் சொன்னதை அவன் நம்பவே இல்லை.

அப்புறம்தான் அது வந்தது. அந்த ஆசிரியை ஒரு சுரைக்குடுக்கையில் ஏதோ பச்சைத் தழைத்தூளைப் போட்டு நீரூற்றி, அதில் உலோகக் குழல் ஒன்றைச் சொருகி முதல் பிள்ளையிடம் கொடுத்தாள். அது உறிஞ்சி முடித்துத் திருப்பிக் கொடுத்தது. மறுபடி நீரூற்றி அடுத்த பிள்ளைக்கு. அதே குடுக்கை, அதே குழல். துடைக்கக்கூட இல்லை. இப்படியே சுற்றி வந்து அயெலெனிடம் வந்தது. அவள் தன் முறைக்கு உறிஞ்சிவிட்டு, மறுபடி நீரூற்றி வாங்கி, நகல்மாடத்தில் வைத்தாள். விரல்கள் மடங்கிய அந்தக் கை நீண்டது. முத்தரசியின் மாடத்தில் குடுக்கை நனைந்த குழலோடு வந்து நின்றது.

"டீச்சர், எச்சி" என்று முத்தரசி பெஞ்சோடு பின்னால் நகர்ந்தாள். வகுப்பு மொத்தமும் "எச்சி, எச்சி" என்று கத்தியது. மொழிபெயர்ப்பி அதை அப்படியே அந்தப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டது.

அயெலெனுக்கு முதலில் விளங்கவில்லை. "இன்னைக்கு ஏன் குடிக்கல? தினமும் குடிப்பியே" என்றாள். குடுக்கையை இந்தப் பக்க மாடத்துக்கு வரவிடாமல் தடுத்துவிட்டு, அவள் பக்கத்தில் இணக்கி இத்தனை நாளும் முத்தரசியைக் குடிக்க வைத்துக் காட்டியிருக்கிறது. முத்தரசி சிரித்துக்கொண்டே உறிஞ்சியதையும், நன்றாக இருக்கிறது என்று தலையாட்டியதையும் அவள் தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். "நான் ஒரு நாளும் குடிச்சதில்ல" என்று முத்தரசி சொன்னதும் அந்தப் பிள்ளையின் முகம் சுருங்கிப்போயிற்று. அப்புறம் அழ ஆரம்பித்தாள்.

பிலோமி பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். விசையை மறுபடி தட்டினால் இந்த நிமிஷமே எல்லாம் சரியாகிவிடும். கை அதை நோக்கிப் போகவும் செய்தது. போன கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எட்டி முத்தரசி, எங்கிட்ட கேக்காத. அவளையே கேளு."

முத்தரசி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "எதுக்குட்டி எல்லாரும் ஒண்ணுலயே குடிக்கிதிய? ஆளுக்கு ஒரு டம்ளர் இல்லையா?"

"இருக்கு. தனித்தனியாக் குடிச்சா அப்புறம் என்னத்துக்கு ஒண்ணா உக்காரணும்?" என்றாள் அயெலென் அழுகையோடு. "என் வாய் என்ன அழுக்கா?"

"எங்க அம்மா டம்ளர்லகூட நான் வாய் வைக்க மாட்டேன். அப்போ எங்க அம்மா அழுக்கா?" முத்தரசி தண்ணீர் டம்ளரை எடுத்து அண்ணாந்து, உதட்டில் படாமல் ஊற்றிக் காட்டினாள். அந்தப் பக்கத்து வகுப்பு ஆவென்று பார்த்தது. இதையும் இணக்கி அவர்களுக்கு ஒரு நாளும் காட்டியதில்லை. அயெலென் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு டம்ளரை எடுத்து அதே மாதிரி அண்ணாந்தாள். தண்ணீர் மூக்கில் ஏறி, சட்டையெல்லாம் நனைந்து, இருமித் தீர்த்தாள். இரண்டு வகுப்பும் விழுந்து விழுந்து சிரித்தன. அவளும் சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியபோது முத்தரசி குடுக்கையை எடுத்தாள். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஓர் உறிஞ்சு உறிஞ்சினாள். "சீ, கசக்குது" என்று துப்பினாள். அயெலெனுக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க ஊர் ஊறுகாயைத் தின்னு மூணு நாள் எனக்கு வயிறு எரிஞ்சுது, நான் துப்புனேனா?" என்று சண்டைக்கு நின்றாள். மணி அடிக்கிற வரை இரண்டும் மல்லுக்கு நின்றன. மறுநாள் வரைபலகைகளை வாங்கியபோது அத்தனையிலும் இடம் போதாமல் வரைந்திருந்தது. பிலோமி அவற்றைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள்.

சிரிப்பு ஒரு நாள்தான். முத்தரசி வீட்டில் ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு, "அயெலென் எச்சியக் குடிச்சேன்" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். மற்றப் பிள்ளைகள் முத்தக் கதையைச் சொல்லியிருக்கின்றன. எல்லாம் படுக்கிற நேரத்துப் பேச்சு, பெரியவர்கள் செவிமணியைக் கழற்றி வைத்திருந்த நேரம். ஊரே கொதித்துப்போய்ப் புகார்கள் வந்து குவிந்தன. சுயம்பு கொடுத்த புகாரை அல்போன்ஸ் படித்துக் காட்டினார். அதில் பிலோமியைப் பற்றி இருந்த சொற்களை அவர் மென்று விழுங்கித்தான் படிக்கவேண்டியிருந்தது.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் என்று உத்தரவு வந்தது. இணக்கத் துறையிலிருந்து அலுவலர் வருவார். வகுப்பில் இணக்கியை அணைத்து வைக்கலாமா என்று பெற்றோர் வாக்களிப்பார்கள். கூடாது என்று முடிவானால் இனி அணைக்க முடியாதபடி பெட்டிக்கு முத்திரை வைத்துவிடுவார்கள், பிலோமியை வேறு வகுப்புக்கு மாற்றிவிடுவார்கள், கொரியென்டஸ் வகுப்புக்குப் பதிலாக வேறு ஊர் வரும்.

"அயெலெனையும் மாத்திருவாங்களா டீச்சர்? நாங்க இன்னும் சண்டைய முடிக்கல" என்று முத்தரசி கேட்டாள்.

"மாத்த விடமாட்டேன்" என்றாள் பிலோமி. வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று அப்புறம் பயமாகத்தான் இருந்தது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை முற்பகல் பள்ளியின் பெரிய கூடத்தில் நாற்காலிகள் நிரம்பிவிட்டன. அலுவலர் ஹரிகேசன் வெள்ளைச் சட்டையும் சிரித்த முகமுமாக மேடையில் இருந்தார். பிலோமி நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தாள். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று மனசுக்குள் பட்டியல் போட்டு வைத்திருந்தாள்.

முதலில் எழுந்தவர் சுயம்பு. பாரந்தூக்கிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே தடித்துப்போன தொண்டை அவருக்கு. "டீச்சர், எம்புள்ள வீட்டுக்கு வந்தா உங்க பேச்சுதான். உங்க பொறுமைக்கு நாங்க குடுத்து வச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பிலோமி திகைத்துப்போனாள். புகாரில் அந்த எழுத்தை எழுதிய மனுஷனா இவர்? அடுத்தடுத்து எழுந்தவர்களும் அதே தேனொழுகப் பேசினார்கள். நேரில் பார்த்ததும் மனம் மாறிவிட்டது போலும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நம்மைப் பாராட்டுகிறவர்களைச் சந்தேகப்பட யாருக்குத்தான் தோன்றும்?

பிலோமி பேச எழுந்தாள். "உலகம் உலகம்னு சொல்லி உங்க புள்ளைகளுக்கு இந்தப் பெட்டி ஒரு கண்ணாடியத்தான் காட்டிக்கிட்டு இருக்கு. அடுத்தவன் செய்யுறதப் பாத்து நம்ம புள்ள முகம் சுளிக்கட்டும். சுளிச்சிட்டு, ஏன்னு கேக்கட்டும். கேக்காத புள்ளைக்கு என்னத்தப் படிச்சுக் குடுக்க? அவன் வாழ்க்கை நமக்குப் பிடிக்கணும்னு ஒரு சட்டமும் கிடையாது. ஆனா அது இருக்குன்னு தெரியணும். நீங்க என்ன சொன்னாலும் சரி, நான் இந்த வகுப்புல இருக்கிற வரைக்கும் அந்தப் பெட்டி அணைஞ்சுதான் இருக்கும். முடிஞ்சா என்னை மாத்திக்கிடுங்க" என்றாள். பேசப் பேச எல்லாத் தலைகளும் ஆடின. முடித்ததும் கைதட்டல் கூடத்தை நிறைத்தது. பின்வரிசையில் பாத்திமுத்து என்கிற தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அல்போன்ஸ்கூடத் தட்டினார்.

வாக்கெடுப்பு நடந்தது. பிலோமி பக்கம் ஒரு வாக்குகூட விழவில்லை.

ஹரிகேசன் முடிவைப் படித்தபோது அவளுக்குக் காதில் விழுந்ததே சரிதானா என்று சந்தேகமாக இருந்தது. மேடையிலிருந்து இறங்கி நேரே சுயம்புவிடம் போனாள். அவர் எழுந்து சிரித்த முகமாகக் கும்பிட்டார். "நீங்க சொன்னபடியேதான் ஓட்டுப் போட்டேன் டீச்சர்."

"நான் என்ன சொன்னேன்?"

"என்ன டீச்சர், இப்பத்தான பேசினிய. இணக்கி மேல இனிமே யாரும் கை வைக்கக் கூடாது, நடந்தது தப்பு, புள்ளைக மனசு நோகக் கூடாதுன்னு எவ்வளவு அழகாச் சொன்னிய."

பிலோமி அவரை உற்றுப் பார்த்தாள். அவர் காதில் செவிமணி சின்னதாக மினுங்கிக்கொண்டிருந்தது. தன் காதைத் தொட்டுப் பார்த்தாள். அங்கேயும் அதுதான் இருந்தது. காலையில் பல் துலக்கியதும் மாட்டியது; பள்ளி நாள் இல்லையென்று வாசலில் கழற்றி வைக்கவும் இல்லை.

அவள் பேசிய ஒவ்வொரு சொல்லும் இவர்களுக்கு உறுத்தும் என்று கணித்து, இவர்கள் கேட்க விரும்பியதை அவள் வாயில் வைத்திருக்கிறது. இவர்கள் திட்டிய திட்டையெல்லாம் பாராட்டாக மாற்றி அவள் காதில் ஊற்றியிருக்கிறது. இது இந்தக் கூட்டத்தில் மட்டும் நடந்ததா? எத்தனை வருஷமாக இந்த ஊரில் யார் யாரிடம் என்ன பேசினார்கள்? முதலில் தன்னுடையதைக் கழற்றினாள். விழிப்படலமும் கூடவே அவிந்தது.

"சுயம்பு, அதக் கழத்துங்க."

அவர் இன்னும் கும்பிட்டபடியே தலையாட்டினார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கழற்று என்று சொன்னால் அதுவும் அவருக்கு வேறு ஏதோ நல்ல வார்த்தையாகத்தான் போய்ச் சேரும். இனி வாயால் சொல்லிப் பிரயோசனம் இல்லை. கையை நீட்டி அவர் காதிலிருந்து மணியைப் பிடுங்கினாள்.

"நான் சொன்னது இதுதான். கேளுங்க. பெட்டி அணைஞ்சேதான் இருக்கும். உங்க புள்ள அந்தப் புள்ளையோட சண்டை போடணும், பேசணும், தோணுச்சுன்னா அந்தக் குடுக்கையிலயே மறுபடியும் குடிக்கணும். அதுக்கு நான் நடுவுல நிக்க மாட்டேன்."

சுயம்புவின் முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. "இதையா இவ்வளவு நேரமும் பேசின? எம்புள்ளைய ஊருப்பட்ட எச்சியக் குடிக்க வச்சிட்டு, மேடையில ஏறி நியாயம் வேற பேசுதியா? நீயெல்லாம் ஒரு டீச்சரா? கோட்டிக்காரி."

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒரு மனுஷன் பிலோமியின் முகத்தைப் பார்த்துத் திட்டினான். வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "அது நகல். அதுல கிருமி கிடையாது" என்றாள்.

"நகல் எச்சி மட்டும் எச்சி இல்லையா? கிருமியப் பத்தி நான் கேக்கவே இல்லை. எச்சின்னா எச்சிதான்."

"அப்போ எச்சி ஏன் ஆகாதுன்னு உங்க பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்தியளா? அந்தப் புள்ள கேட்டுச்சு, இவளுக்குப் பதில் தெரியல."

அது சுயம்புவுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. பக்கத்து நாற்காலியில் இன்னொரு பிள்ளையின் தகப்பன் ஞானையா இன்னமும் மலர்ந்த முகத்தோடு இவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏ ஞானையா, இந்தம்மா என்ன பேசுதுன்னு நீயும் கேளு" என்று சுயம்பு அவர் காதிலிருந்து மணியைப் பிடுங்கினார். கேட்ட ஞானையா குதித்தெழுந்து தன் மனைவியின் மணியைக் கழற்றினார். அந்த அம்மாள் அடுத்த வரிசைக்குப் போனாள். பிலோமி மேல் இருந்த ஆத்திரத்தில் ஆளுக்கு ஆள் பிடுங்கிக்கொண்டே போனார்கள். பிடுங்கப் பிடுங்கக் கூடத்தில் சத்தம் ஏறியது.

"எனக்கு மறு ஓட்டு வேணும்" என்று பாத்திமுத்து பின்னாலிருந்து வந்தாள். "முதல்ல மணியில எனக்கு வேற மாதிரில்லா கேட்டுச்சு. டீச்சர் சொல்லுததுதான் சரி. நாங்க வீட்டுல ஒரே தட்டுல சுத்தி உக்காந்து சாப்பிடுதோம். எம்புள்ள அத இந்தப் பள்ளிக்கூடத்துல சொன்னா இங்க யாருக்காவது தெரியுமா? பக்கத்துல இருக்கிற எங்களையே உங்களுக்கு இந்த மணி காட்டல."

"ஒரே தட்டுலயா?" என்றார் ஞானையா. அவரும் பாத்திமுத்துவும் பத்து வருஷமாக அடுத்தடுத்த வீடு. அங்கே ஒரு சண்டை தனியாகக் கிளம்பியது. இன்னொரு மூலையில், "அப்போ எங்க தெருவப் பத்தி நீ இத்தனை நாளும் இப்படித்தான் பேசிக்கிட்டு இருந்தியோ" என்று வேறொருவர் வேட்டியை மடித்துக் கட்டினார். அல்போன்ஸ் இங்கும் அங்கும் ஓடி, "உக்காருங்க, தயவுசெஞ்சு உக்காருங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

மேடையில் ஹரிகேசன் மட்டும் மணியைக் கழற்றவில்லை. அவரிடம் போய் யாரும் பிடுங்கவும் இல்லை. ஜனங்கள் கூட்டம் முடிந்தும் போக மனமில்லாமல் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு பேசுவதாக அவருக்குத் தெரிந்தது. கண் கலங்க எல்லாரையும் கும்பிட்டார். கூட்டம் முழு இணக்கத்தோடு நிறைவுற்றது, திங்கட்கிழமை பெட்டிக்கு முத்திரை வைக்கலாம் என்று குரல்பதிவி அருகே வாயை வைத்துச் சொல்லிவிட்டு, மனசு நிறைந்து படியிறங்கிப் போனார்.

"திங்கக்கிழமை சீல் வைக்கானாமே" என்றாள் பாத்திமுத்து.

"எவன் வைக்கது?" என்று சுயம்பு திரும்பினார். "திங்கக்கிழமை நான் லீவு போட்டுட்டு வாரேன். பெட்டி இல்லாம அந்த ஊருக்காரங்கள நேருக்கு நேர் பாக்கணும். எம்புள்ளைக்கு எச்சியக் குடுத்தியளே, உங்களுக்கு அறிவு இருக்கான்னு நாலு கேள்வி கேக்கணும். அதுவரைக்கும் எவனாவது அந்தப் பெட்டியத் தொட்டான், நடக்கதே வேற. அதுக்காக நான் உங்க கட்சின்னு நெனைச்சிராதிய டீச்சர்."

"நெனைக்கல" என்றாள் பிலோமி. "வாங்க. நாலு என்ன, நாப்பது கேளுங்க. ஆனா அவியளும் உங்களக் கேப்பாங்க."

"எங்கிட்ட கேக்க என்ன இருக்கு?" என்றார் சுயம்பு. அவர் நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.